பந்தைப் பிடிப்பது யார்? அமெரிக்காவின் மைனர் லீக் கேட்சர்கள் ஏன் இத்தனை ஆண்டுகள் காத்திருக்கிறார்கள்?

2014இல் வெளிவந்த 'மில்லியன் டாலர் ஆர்ம்' படம் நினைவிருக்கிறதா? ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்த ஹாலிவுட் படம். உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் எனும் இரண்டு இளையர்கள் 2008இல் ஒரு திறனறிப் போட்டியில் தேர்வாகி அமெரிக்கா போகிறார்கள். அதே ஆண்டு பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் குழுவில் ஒப்பந்தமாகிறார்கள். உண்மைக் கதைதான்.

இருவரும் பிட்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள். படம் முழுக்க நம்முடைய கண் அவர்களுடைய கைமேலேயே இருந்தது. சரி, அவர்கள் வீசிய பந்தை எதிர்முனையில் குந்தி உட்கார்ந்து பிடித்தது யார்?

அவர்தான் கேட்சர். ரிங்குவும் தினேஷும் மேஜர் லீக் வரை போகவில்லை. அவர்களைப் போன்ற ஆயிரக்கணக்கான பிட்சர்களுக்குப் பந்து பிடித்தே இளமையைக் கழிக்கும் கேட்சர்களில் பெரும்பாலோரும் போவதில்லை. ஆனாலும் பேஸ்பாலில் அதிக காலம் தாக்குப்பிடிக்கும் வேலை எது என்று கேட்டால், பலரும் இதைத்தான் சொல்வார்கள். அது எப்படி?

கேட்சர் என்றால் விக்கெட் கீப்பர் மாதிரியா?

பாதி அப்படித்தான். பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாக சாஃப்ட்பால் விளையாடியவர்களுக்கு மீதிப் பாதியும் தெரிந்திருக்கும்.

பிட்சர் நிற்கும் இடத்துக்கும் கேட்சருக்கு முன்னால் இருக்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 18.44 மீட்டர். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அந்தத் தூரத்தைக் கடக்க அரை விநாடிகூட ஆகாது. விக்கெட் கீப்பர் வேகப்பந்துக்குப் பின்னால் தள்ளி நின்றுகொள்ளலாம். கேட்சருக்கு அந்த வசதி கிடையாது. மட்டையாளருக்கு நேர் பின்னால், மட்டை சுழலும் இடத்துக்கு ஒட்டினாற்போல் குந்தியிருக்க வேண்டும். ஓர் ஆட்டத்தில் நூற்றுக்கும் அதிகமான பந்துகள். ஒவ்வொரு பந்துக்கும் அதே நிலை.

அதற்காகத்தான் முகமூடி, மார்புக் கவசம், முழங்கால் கவசம் எல்லாம். அமெரிக்காவில் இந்தக் கவசங்களுக்கு ஒரு பழைய கேலிப் பெயர் உண்டு: 'அறியாமையின் கருவிகள்'. கொஞ்சம் அறிவு இருந்தால் இந்த வேலைக்கு வருவாயா என்று அர்த்தம்! அப்படிச் சொன்னவராகக் கருதப்படுபவர் மடி ரூயல். அவரும் ஒரு கேட்சர்தான். அதிலும் சட்டம் படித்த கேட்சர்.

கிண்டல் ஒருபக்கம் இருக்கட்டும். திடலில் அதிகம் யோசிக்க வேண்டியவர் கேட்சர். அடுத்து எந்த வகைப் பந்து வீச வேண்டும், எந்தப் பக்கம் வீச வேண்டும் என்று பெரும்பாலும் அவர்தான் பிட்சருக்குச் சொல்வார். முன்பெல்லாம் தொடைகளுக்கு நடுவே விரல்களைக் காட்டிச் சைகை செய்வார். 2022 முதல் மேஜர் லீகில் மணிக்கட்டுக் கருவியில் பொத்தானை அழுத்தினால் பிட்சரின் தொப்பிக்குள் குரல் கேட்கும். தளத்தைத் திருட ஓடுபவரைப் பந்தெறிந்து வீழ்த்த வேண்டும். தரையில் குத்தி வரும் பந்தை உடம்பால் தடுக்க வேண்டும். பதற்றத்தில் இருக்கும் 19 வயது பிட்சரிடம் நடந்துபோய் இரண்டு வார்த்தை பேசி ஆசுவாசப்படுத்த வேண்டும். கடைசியாகச் சொன்னது எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது.

மைனர் லீக் எப்படி இயங்குகிறது?

இங்கிலாந்துக் காற்பந்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். மைனர் லீக் என்பது இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு மாதிரி இல்லை. குழு ஜெயித்தால் மேலே ஏறாது. வீரர்தான் ஏறுவார், இறங்குவார்.

மேஜர் லீகில் 30 குழுக்கள். ஒவ்வொன்றின் கீழும் நான்கு படிகளில் நான்கு குழுக்கள்: சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ. மொத்தம் 120. 2021க்கு முன்னால் இது 160 போல இருந்தது. மேஜர் லீக் நிர்வாகம் மைனர் லீகைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்து 40க்கும் மேற்பட்ட குழுக்களைக் கழற்றிவிட்டது. பல சிற்றூர்கள் ஒரே நாளில் தங்கள் குழுவை இழந்தன. புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுத் தேர்வும் 40 சுற்றுகளிலிருந்து 20ஆகச் சுருங்கியது. இந்த விவரத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது எளிய கணக்கு ஒன்று. மேஜர் லீக் குழு ஒன்று வழக்கமாக 2 கேட்சர்களை வைத்திருக்கும். 30 குழுக்கள், 60 இடங்கள். மைனர் லீகில் குழுவுக்குக் குறைந்தது 2 பேர் என்றாலும் 240 பேர். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான பயிற்சி முகாம்களில் இருப்பவர்கள் தனி.

60 இடத்துக்கு 240 பேர் போட்டியிட்டால் அந்த 240 பேரும் நட்சத்திரமாக வருவார்கள் என்று குழு எதிர்பார்க்கிறதா? நிச்சயமாக இல்லை. அப்படியானால் எதற்காக வேலைக்கு வைக்கிறது?

பிட்சர்களுக்காக. ஒரு குழு கோடிக்கணக்கில் செலவழித்துச் சேர்த்த இளம் பிட்சர் தினமும் பந்து வீசிப் பழக வேண்டும். அதைப் பிடிக்க ஆள் வேண்டும். சும்மா பிடித்தால் போதாது. அவருக்கு நம்பிக்கை வருகிற மாதிரி பிடிக்கவும் தெரிய வேண்டும். பிப்ரவரியில் வசந்தகாலப் பயிற்சி தொடங்கும்போது பிட்சர்களும் கேட்சர்களும்தான் மற்றவர்களுக்கு முன்பே வந்து சேர்கிறார்கள். அந்த நேரத்தில் குழுக்கள் வழக்கத்தைவிடக் கூடுதலான கேட்சர்களை அழைக்கும். அழைக்கப்பட்டவர்களுக்கும் தெரியும், நம்மைக் கூப்பிட்டது நம்முடைய மட்டைக்காக இல்லை, கையுறைக்காக என்று.

இதுதான் அந்த வேலையின் விநோதம். இன்னொருவருடைய வாழ்க்கைத்தொழில் உருவாவதற்காகவே உங்களுக்கு வேலை கிடைக்கிறது. அதே காரணத்தால்தான், மட்டையடிக்கத் தெரியாத வெளித்திடல் வீரர் 26 வயதில் வீட்டுக்கு அனுப்பப்படும்போது, மட்டையடிக்கத் தெரியாத கேட்சருக்கு 32 வயதிலும் யாரோ ஒருவர் தொலைபேசியில் கூப்பிடுகிறார்.

எரிக் கிராட்ஸ் என்பவரின் கதை

இதற்கு எரிக் கிராட்ஸைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது கஷ்டம். பென்சில்வேனியாவில் பிறந்தவர். வர்ஜீனியாவில் உள்ள ஈஸ்டர்ன் மெனோனைட் என்ற சிறிய பல்கலைக்கழகத்தில் படித்தார். பெரிய பேஸ்பால் வீரர்கள் வரும் இடமில்லை அது. 2002ஆம் ஆண்டுத் தேர்வில் டொரோன்ட்டோ புளூ ஜேஸ் அவரை 29ஆவது சுற்றில் எடுத்தது. (இப்போது 20 சுற்றோடு முடிந்துவிடும் என்று மேலே சொன்னோம், இல்லையா? இன்றைய விதிப்படி கிராட்ஸின் பெயரை யாரும் வாசித்திருக்க மாட்டார்கள்.)

அதற்குப் பிறகு எட்டு ஆண்டுகள் பேருந்துகள், விடுதிகள், சிறு நகரங்கள். நியூ ஹாம்ப்ஷியர், சிரக்கியூஸ், ஆல்டூனா, இண்டியானாபொலிஸ். 2010 ஜூலை 17ஆம் தேதி பிட்ஸ்பர்க் பைரேட்ஸுக்காக அவர் மேஜர் லீகில் முதன்முறை களமிறங்கியபோது வயது 30. பல வீரர்கள் ஓய்வைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் வயது.

அதோடு கதை சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். மறுபடியும் கீழே அனுப்பினார்கள். மறுபடியும் மேலே வந்தார். 2010 முதல் 2020 வரை 9 மேஜர் லீக் குழுக்களின் சீருடை அணிந்தார். சில ஆண்டுகளில் மேஜர் லீகில் அவர் ஆடியது விரல்விட்டு எண்ணும் ஆட்டங்கள்தான், மீதி நாளெல்லாம் மைனர் லீக். மட்டையடிப்பில் அவர் பெரிய ஆள் இல்லை. ஆனால் 2018இல், 38 வயதில், மில்வாக்கி புரூவர்ஸுக்காக கொலராடோ ராக்கீஸுக்கு எதிரான பிளேஆஃப் தொடரில் 8 முறை மட்டை பிடித்து 5 முறை வெற்றிகரமாக அடித்தார். அந்த ஒரு வாரம் அமெரிக்கத் தொலைக்காட்சிகள் அவரைத் தேடித் தேடிப் பேட்டி எடுத்தன.

எங்களுக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 2020இல் நடந்தது. அப்போது அவர் நியூயார்க் யாங்கீஸில் இருந்தார், வயது 40. டொமினிக்கன் குடியரசைச் சேர்ந்த டெய்வி கார்சியா என்ற 21 வயது பிட்சர் அந்த ஆண்டுதான் மேஜர் லீகில் அறிமுகமானார். அவருக்குப் பந்து பிடித்தவர் கிராட்ஸ். ஸ்பானிய மொழியில் பேசிக்கொள்வார்கள். பிறகு செய்தியாளர்கள் கார்சியாவைப் பற்றிக் கேட்டபோது, லத்தீன் அமெரிக்காவிலிருந்து தனியாக வந்து மைனர் லீகில் தடுமாறும் பையன்களை நினைத்து கிராட்ஸ் கண்கலங்கிவிட்டார். அதே ஆண்டு நவம்பரில் ஓய்வு பெற்றார். ஒரு கேட்சர் 18 ஆண்டுகள் என்ன வேலை பார்த்தார் என்று புரிந்துகொள்ள அந்தப் பேட்டி போதும்.

கிராட்ஸ் மாதிரி இன்னும் ஒருவர், கிறிஸ் காஸ்ட். வட டக்கோட்டாவின் ஃபார்கோ நகரத்துக்காரர். எந்த மேஜர் லீக் குழுவோடும் தொடர்பில்லாத தனி லீகில் தன் ஊர்க் குழுவுக்கு ஆடியவர். 2006 மே மாதம் ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸுக்காக அறிமுகமானபோது வயது 33. இரண்டே ஆண்டுகளில், 2008இல், அந்தக் குழு உலகத் தொடரை வென்றது. கையில் சாம்பியன் மோதிரம்!

ஆனால் இவர்கள் விதிவிலக்குகள். இன்னொரு வகையினரும் உண்டு. மேஜர் லீக் கேட்சர் ஒருவருக்குக் காயம் என்றால் மைனர் லீகிலிருந்து அவசரமாக ஒருவரை விமானத்தில் வரவழைப்பார்கள். இரண்டு நாள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். காயம் ஆறியதும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு பந்துகூட ஆடாமல் திரும்பிப் போய், அதற்குப் பிறகு அழைப்பே வராமல் போனவர்களும் இருக்கிறார்கள். பேஸ்பால் வட்டாரத்தில் அவர்களுக்கு 'ஆவி வீரர்கள்' என்று பெயர்.

சரி, சம்பளம் எவ்வளவு?

கசப்பான பகுதி இதுதான். 2021க்கு முன்னால் ஒற்றை-ஏ படிகளில் இருந்தவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தபட்சம் 290 அமெரிக்க டாலர். டபுள்-ஏ என்றால் 350, டிரிபிள்-ஏ என்றால் 502. அதுவும் ஆட்டப் பருவத்துக்கு மட்டும், ஆண்டுக்கு ஐந்து மாதம் போல. வசந்தகாலப் பயிற்சிக்குச் சம்பளம் கிடையாது. வாடகையைச் சொந்தக் கையிலிருந்து கொடுக்க வேண்டும். ஒரு வீட்டில் ஆறேழு பேர் தரையில் மெத்தை போட்டுப் படுப்பது சாதாரணம். பருவம் முடிந்தால் கிடங்கு வேலை, கட்டுமான வேலை, உணவு விநியோகம் என்று எது கிடைக்கிறதோ அது.

2014இல் முன்னாள் வீரர்கள் சிலர் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தைக் காட்டி வழக்குத் தொடர்ந்தார்கள். மேஜர் லீக் என்ன செய்தது தெரியுமா? 2018இல் நாடாளுமன்றத்தின் செலவின மசோதா ஒன்றில், மைனர் லீக் வீரர்களுக்கு மிகைநேர ஊதியம் தேவையில்லை என்று ஒரு பிரிவைச் சேர்க்கவைத்தது. அந்தப் பிரிவுக்கு வைத்த பெயர் 'அமெரிக்காவின் பொழுதுபோக்கைக் காப்பாற்றும் சட்டம்'. பெயரைப் பார்த்தால் வீரர்களைக் காப்பாற்றுகிற மாதிரிதான் இருக்கும்!

ஆனாலும் வழக்கு நிற்கவில்லை. 2022இல் 185 மில்லியன் டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. அதே ஆண்டு முதல் பெரும்பாலான மைனர் லீக் வீரர்களுக்குக் குழுவே தங்குமிடம் தரத் தொடங்கியது. செப்டம்பரில் மைனர் லீக் வீரர்கள் மேஜர் லீக் வீரர் சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023 மார்ச்சில் அவர்களுடைய முதல் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. டிரிபிள்-ஏ வீரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 17,500 டாலரிலிருந்து 35,800 ஆனது. டபுள்-ஏ 13,800லிருந்து 30,250. ஆரம்பப் பயிற்சி முகாமில் இருப்பவருக்கு 4,800லிருந்து 19,800, அதாவது நான்கு மடங்குக்கும் மேல்.

நல்ல உயர்வுதான். ஆனால் மேலே இருப்பவரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே 2023இல் மேஜர் லீகின் குறைந்தபட்சச் சம்பளம் 720,000 டாலர். பருவத்தின் 186 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 3,870 போல வரும். டிரிபிள்-ஏ கேட்சர் ஓராண்டு முழுக்கச் சம்பாதிப்பதை, மேலே போய்ப் பெஞ்சில் 9 அல்லது 10 நாள் உட்கார்ந்திருந்தாலே சம்பாதித்துவிடலாம். 43 நாள் இருந்துவிட்டால் ஓய்வூதியத்துக்கும் தகுதி உண்டு. 33 வயதில் இரண்டு பிள்ளைகளோடு ஒருவர் ஏன் இன்னும் குந்திக்கொண்டிருக்கிறார் என்று கேட்பவர்களுக்கு இந்த எண்கள் பாதிப் பதிலாவது சொல்லும். யாரோ ஒருவரின் விரல் முறிந்தால் போதும், வாழ்க்கை மாறிவிடும்.

உடம்பு என்ன ஆகும்?

முழங்கால் வலி இல்லாத கேட்சரைப் பார்ப்பது அரிது. மட்டையில் உரசித் திசைமாறும் பந்து முகமூடியில் வந்து மோதும், மூளை அதிரும். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் முன்னாள் நிர்வாகி மைக் மெத்தேனி கேட்சராக ஆடிய காலத்தில், மூளை அதிர்ச்சியின் விளைவுகளால்தான் ஆட்டத்தை விட்டார். 2011இல் மூளை அதிர்ச்சிக்காகத் தனி ஓய்வுப் பட்டியல் வந்தது. அதே ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோவின் பஸ்டர் போசி மீது ஓட்டக்காரர் ஒருவர் மோதியதில் அவருடைய கால் முறிந்தது. 2014இல் அப்படி மோதுவதற்குக் கட்டுப்பாடு வந்தது.

மேலே போகாதவர்கள் எங்கே போகிறார்கள்?

பலர் பயிற்றுநர்கள் ஆகிறார்கள். சிலர் 'புல்பென் கேட்சர்' ஆகிறார்கள், அதாவது ஆட்டத்துக்கு முன்பும் ஆட்டத்தின்போதும் பிட்சர்களுக்குப் பந்து பிடிப்பதே முழுநேர வேலை. இன்னும் சிலர் எங்கே போனார்கள் தெரியுமா?

ஜோ மேடன் என்பவர் 1970களில் ஏஞ்சல்ஸ் குழுவின் மைனர் லீக் கேட்சர். ஏ படியைத் தாண்டவே இல்லை. 2016இல் சிக்காகோ கப்ஸ் 108 ஆண்டுகளுக்குப் பிறகு உலகத் தொடரை வென்றபோது அதன் நிர்வாகி அவர்தான். ஜிம் லேலண்டும் அப்படியே. டெட்ராய்ட் டைகர்ஸின் மைனர் லீகில் கேட்சராக இருந்து டபுள்-ஏயோடு நின்றவர். 1997இல் ஃபுளோரிடா மார்லின்ஸை வெற்றிபெற வைத்தார். 2024இல் பேஸ்பாலின் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார்.

இது தற்செயல் இல்லை. திடலில் மற்ற எட்டுப் பேரும் மட்டையாளரைப் பார்த்து நிற்கிறார்கள். கேட்சர் ஒருவர்தான் திடல் முழுவதையும் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். 25 வயதிலேயே மற்றவர்களுடைய பலவீனங்களை ஞாபகம் வைத்துக்கொள்வது அவருடைய வேலை. 1988இல் வந்த 'புல் டர்ஹம்' படத்தில் கெவின் காஸ்ட்னர் ஏற்ற பாத்திரமும் இதுதான்: இளம் பிட்சரைப் பழக்குவதற்காகவே கீழ்ப்படிக்கு அனுப்பப்படும் மூத்த கேட்சர். படத்தை இயக்கிய ரான் ஷெல்டன் மைனர் லீகில் ஆடியவர் என்பதால் அதில் சினிமாத்தனம் குறைவு.

இயந்திர நடுவர் வந்தால்?

கேட்சர்களின் பிழைப்பைத் தொடும் கேள்வி இது. எல்லைக்கோட்டில் வரும் பந்தை, கையுறையை மெதுவாக உள்ளே இழுத்துப் பிடித்து, நடுவரை 'ஸ்ட்ரைக்' சொல்லவைப்பது ஒரு கலை. அமெரிக்காவில் அதை 'ஃபிரேமிங்' என்கிறார்கள். கொஞ்சம் ஏமாற்று வேலை மாதிரிதான் தெரியும், ஆனால் விதிமீறல் இல்லை. கணினி ஆய்வாளர்கள் அதன் மதிப்பை அளக்க ஆரம்பித்ததும், சரியாக மட்டையடிக்காத பல கேட்சர்களுக்கு வேலை கிடைத்ததே இந்தக் கலையால்தான்.

2023இல் டிரிபிள்-ஏ ஆட்டங்கள் அனைத்திலும் தானியங்கி முறை வந்தது. வாரத்தில் பாதி ஆட்டங்களில் எல்லாப் பந்தையும் இயந்திரமே தீர்மானித்தது. அந்த நாள்களில் ஃபிரேமிங்குக்குக் காலணா மதிப்பில்லை, பந்தை எப்படிப் பிடித்தாலும் ஒன்றுதான். மீதிப் பாதியில் மனித நடுவரே தீர்ப்புச் சொல்வார், சந்தேகம் இருந்தால் வீரர் முறையிடலாம். 2024இல் ஆட்டப் பருவத்தின் நடுவில் இரண்டாவது முறையே போதும் என்று முடிவானது. 2026 முதல் அதை மேஜர் லீகுக்கும் கொண்டுவர 2025 செப்டம்பரில் ஒப்புதல் கிடைத்தது.

விதி எளிமையானது. ஒரு குழுவுக்கு இரண்டு முறையீடுகள். சரியாகச் சொன்னால் முறையீடு குறையாது, தப்பாகச் சொன்னால் ஒன்று போய்விடும். தலையைத் தட்டிச் சைகை செய்ய வேண்டும். நிர்வாகி பெஞ்சிலிருந்து கத்திச் சொல்லக் கூடாது. முறையிடும் உரிமை மூன்று பேருக்குத்தான்: மட்டையாளர், பிட்சர், கேட்சர்.

இந்த மூவரில் பந்தை ஆகச் சரியான கோணத்தில் பார்ப்பவர் கேட்சர். எப்போது தலையைத் தட்ட வேண்டும், எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது இப்போது அவருடைய புதிய திறனாகிவிட்டது. அதை மேஜர் லீகுக்கு முன்பே பழகிக்கொண்டவர்கள் டிரிபிள்-ஏயில் இருந்த கேட்சர்கள். ஒருநாள் முழுத் தானியங்கி முறை மேஜர் லீகுக்கும் வந்தால் நிலைமை வேறு. அப்போது குழுக்கள் கையுறையைவிட மட்டையைத்தான் பார்க்கும்.

மைனர் லீக் வீரர்களின் முதல் கூட்டு ஒப்பந்தம் 2027 பருவம் வரைதான். அதற்குப் பிறகு சம்பளம், தங்குமிடம், வீரர்களின் எண்ணிக்கை எல்லாமே மறுபடியும் பேச்சுவார்த்தை மேசைக்கு வரும்.